இன்கோசியில் சேரலாமா? சந்தா கட்டுகிறவளின் மதிப்பீடு

தென்னாப்பிரிக்காவில் கௌடெங் பக்கம் வேலைக்கு வந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் சிஸ்டம்ஸ் இன்ஜினியர்களின் சங்கமான இன்கோசியைப் பற்றி என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார்கள்: "அக்கா, இன்கோசியில் சேரலாமா? கொடுக்கிற காசுக்குத் தகுமா?" டர்பனில் இருக்கும் என் கொழுந்தன் மகனும் தீபாவளிக்குப் போனபோது இதையேதான் கேட்டான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

அவசரக்காரர்களுக்கு முதலில் சுருக்கமான பதில். மாதத்தில் இரண்டு மாலைப் பொழுதாவது ஒதுக்க முடியும் என்றால் சேருங்கள், நிச்சயம் தகும். பெயருக்குப் பின்னால் நாலு எழுத்துப் போட்டுக்கொள்ள மட்டும் என்றால் யோசித்துச் சேருங்கள். ஒன்றுமே செய்ய நேரமில்லை, உறுப்பினர் அட்டை மட்டும் இருக்கட்டும் என்றால் அந்தக் காசுக்கு வீட்டில் ஒரு சோலார் பேட்டரிக்கு முன்பணம் கட்டலாம்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. பாளையங்கோட்டையில் பிறந்து படித்தவள். டர்பன் சாட்ஸ்வொர்த் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, இப்போது வேலைக்காக சென்ட்யூரியனில் இருக்கிறேன். ரயில்வே சிக்னலிங் அமைப்புகளுக்குத் தேவைகளைத் தொகுப்பதும், செய்து முடித்தது கேட்டதற்கு ஒத்துப்போகிறதா என்று சரிபார்ப்பதும் என் வேலை. சந்தாவை என் கையிலிருந்துதான் கட்டுகிறேன். இந்தச் சங்கத்தில் எனக்கு எந்தப் பதவியும் கிடையாது. உள்ளூர்க் கிளைக் கூட்டங்களுக்குப் போவேன், ஒரு பணிக்குழுவில் வேலை செய்கிறேன், அவ்வளவுதான்.

தெரியாதவர்களுக்காக: இன்கோசி என்பது சிஸ்டம்ஸ் இன்ஜினியர்களுக்கான சர்வதேச மன்றம். ஒரு ரயில் பாதையையோ செயற்கைக்கோளையோ மருத்துவக் கருவியையோ எடுத்துக்கொண்டால், மின்சாரக்காரர் ஒரு பக்கம், மென்பொருள்காரர் ஒரு பக்கம், கட்டுமானக்காரர் ஒரு பக்கம் என்று ஆளுக்கொன்று செய்வார்கள். எல்லாம் சேர்ந்து ஒன்றாக ஓடுமா, யார் என்ன கேட்டார்கள், கேட்டது கிடைத்ததா என்று முழுதாகப் பார்க்கிறவர் ஒருவர் வேண்டும். அந்த வேலைதான் சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங். அமெரிக்க விமானத் துறையிலும் பாதுகாப்புத் துறையிலும் இதைச் செய்துகொண்டிருந்தவர்கள் 1989ல் சான் டியேகோவில் கூடிப் பேசி, 1990ல் ஒரு தேசிய மன்றமாகத் தொடங்கினார்கள். முதல் மாநாடு 1991ல் டென்னசி மாநிலத்தின் சாட்டனூகா ஊரில் நடந்தது. மற்ற நாட்டுக்காரர்களும் வரத் தொடங்கியதும் 1995ல் பெயரில் இருந்த 'தேசிய' போய் 'சர்வதேச' வந்தது. தலைமையகம் இன்றும் சான் டியேகோவில்தான்.

தென்னாப்பிரிக்காவுக்கு இந்தத் துறை புதிதல்ல. ரூய்வால்க் போர் ஹெலிகாப்டர் முதன்முதலாகப் பறந்ததும் அதே 1990ல்தான். நிறவெறி ஆட்சி மீது தடை இருந்து, வெளியிலிருந்து ஆயுதம் வாங்க முடியாத காலத்தில், எல்லாவற்றையும் இங்கேயே வடிவமைத்துத் தீர வேண்டிய கட்டாயம் இருந்தது. அந்தக் கட்டாயத்துக்குப் பின்னால் இருந்த அரசியலைப் பற்றி நம் ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஆனால் அங்கே தொழில் கற்றவர்கள் பலர் பிறகு நல்ல வேலைகளுக்கு வந்தார்கள். கரூ பாலைவெளியில் 64 ஆன்டெனாக்களோடு 2018ல் திறந்த மீர்காட் ரேடியோ தொலைநோக்கி அப்படி ஒன்று. அதையே உள்ளே சேர்த்துக்கொண்டு 197 ஆன்டெனாக்களாக எஸ்கேஏ என்ற பன்னாட்டுத் தொலைநோக்கி இங்கே வளர்ந்துகொண்டிருக்கிறது. இங்கே கிளைக் கூட்டத்துக்குப் போனால் நரைத்த தலைகளில் பாதிப் பேர் ஏவுகணைக்காரர்கள், மீதிப் பேரில் கணிசமானவர்கள் தொலைநோக்கிக்காரர்கள். ரயில்காரியான எனக்கு ஆரம்பத்தில் அவர்கள் பேச்சு பாதிதான் புரிந்தது.

சரி, சந்தாவுக்கு என்ன கிடைக்கிறது?

முதலில் கையேடு. சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு 2023ல் வந்தது. உறுப்பினர்களுக்கு மின்நூலாகக் கிடைக்கும். வெளியே காசு கொடுத்து வாங்கினால் கையைக் கடிக்கிற புத்தகம். ஐஎஸ்ஓ 15288 என்ற சர்வதேச நியமத்தில் உள்ள 30 செயல்முறைகளையும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் உள்ளே என்ன போக வேண்டும், வெளியே என்ன வர வேண்டும், நடுவில் என்ன செய்ய வேண்டும் என்று விவரிக்கிறது. படிக்கச் சுவாரசியமா என்றால் இல்லவே இல்லை. மதிய சாப்பாட்டுக்கு அப்புறம் கையில் எடுத்தால் மூன்றாவது பக்கத்தில் கண் சொருகும். அதில் வரும் நிஜ உதாரணங்கள்தான் உயிர் கொடுக்கின்றன. 1980களில் நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைக் கொடுத்த தெராக்-25 இயந்திரம், டென்மார்க்கையும் சுவீடனையும் இணைக்கும் ஊரெசுண்ட் பாலம், உள்ளூர் மெக்கானிக்கே பழுது பார்க்கும்படி கார் உதிரிப் பாகங்களை வைத்து வடிவமைத்த பச்சிளங்குழந்தை இன்குபேட்டர் என்று வரும். அந்த இன்குபேட்டர் கதை நம் கண்டத்துக்கு நெருக்கமானது. ஆனால் அப்படிப்பட்டவை குறைவு. எல்லாம் ஒழுங்காக நடக்கும், மின்சாரம் இருக்கும், போட்ட கேபிள் போட்ட இடத்திலேயே இருக்கும் என்கிற நம்பிக்கை கையேடு முழுவதும் இழையோடுகிறது.

கௌடெங் ரயில் பாதைகளில் செம்புக் கேபிளை வெட்டிக்கொண்டு போகிறவனைத் தெரியாதவர் இங்கே யாரும் இல்லை. 2020 ஊரடங்கில் ரயில் நிலையங்களை எப்படி உரித்தெடுத்தார்கள் என்று நாடே பார்த்தது. என் வேலையில் யார் யாருடைய தேவைகளைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று பட்டியல் போடும்போது பயணி, ஓட்டுநர், பராமரிப்புக்காரர், பாதுகாப்பு ஒழுங்குமுறை அமைப்பு என்று கையேடு சொன்னபடி எழுதிவிட்டு, கடைசியில் 'திருடன்' என்று நானே ஒரு வரி சேர்த்துக்கொள்வேன். அந்த ஒரு வரியால் கேபிளின் தேர்வு மாறும், பெட்டி வைக்கும் இடம் மாறும், சில இடங்களில் கம்பியே இல்லாத தொடர்புக்குப் போக வேண்டிவரும். முறையைக் கையேடு கற்றுத் தருகிறது; ஊரை நாம்தான் அதில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

கையேட்டைத் தவிர, உறுப்பினர் இதழ் ஒன்று, 1998 முதல் வருகிற ஆய்விதழ் ஒன்று, இணையவழி உரைகள், பழைய மாநாட்டுக் கட்டுரைகள் எல்லாம் உண்டு. ஆய்விதழ் எனக்குப் பெரும்பாலும் தலைக்கு மேலே போகிறது. உறுப்பினர் இதழ் பரவாயில்லை, ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு முழு இதழையும் அதற்கே கொடுப்பார்கள். ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: செபோக் என்ற பெரிய அறிவுத் தொகுப்பு 2012 முதல் இணையத்தில் எல்லாருக்கும் இலவசமாக இருக்கிறது. அதைக் காட்டி யாராவது "சேர்ந்தால் இதெல்லாம் படிக்கலாம்" என்றால் நம்ப வேண்டாம். சேராமலே படிக்கலாம். சேரலாமா என்று யோசிக்கிறவர்கள் முதலில் அதில் ஒரு மாதம் மேய்ந்துவிட்டு வருவது நல்லது.

காசு வசூலாவது பணிக்குழுக்களில்தான். பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவதும் இங்கேதான். ஏறக்குறைய ஐம்பது குழுக்கள் இருக்கின்றன. தேவைகள் எழுதுவதற்கு ஒன்று, போக்குவரத்துக்கு ஒன்று, மருத்துவத்துக்கு ஒன்று, சிறிய நிறுவனங்களுக்கு ஒன்று என்று போகும். உறுப்பினராக இருந்தால் எதில் வேண்டுமானாலும் சேரலாம். உங்கள் பதவி என்ன, எந்த நாடு என்று யாரும் கேட்பதில்லை. தேவைகள் குழு வெளியிட்டிருக்கும் வழிகாட்டி ஒன்று போதும், என் சந்தாவுக்கு. தேவையை ஒரு வாக்கியமாக எழுதும்போது என்னென்ன செய்யக்கூடாது என்று விதி விதியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். 'போதுமான', 'எளிதான', 'விரைவாக' போன்ற வழவழா வார்த்தைகள் கூடாது. ஒரே வாக்கியத்தில் இரண்டு தேவைகளைக் கட்டக்கூடாது. யார் செய்வது என்று தெரியாத செயப்பாட்டு வினை கூடாது. அளவைச் சொன்னால் அலகையும் சொல்ல வேண்டும்.

உதாரணத்துக்கு ஒன்று சொல்கிறேன். "பழுது ஏற்பட்டால் போதிய விரைவில் எளிதாகப் புரியும் எச்சரிக்கை காட்டப்பட வேண்டும்." இந்த மாதிரி வாக்கியங்கள் ஒப்பந்த ஆவணங்களில் கொட்டிக் கிடக்கும். படிக்கும்போது எல்லாரும் தலையாட்டுவார்கள். இரண்டு வருஷம் கழித்துச் சோதனை நடக்கும்போதுதான் சண்டை வரும். வாங்குகிறவருக்குப் 'போதிய' என்றால் ஒரு விநாடி, விற்கிறவருக்குப் பத்து விநாடி. இதையே, தண்டவாளத்தில் ரயில் இருப்பதைக் காட்டும் மின்சுற்றான டிராக் சர்க்யூட்டுக்கு எடுத்துக்கொண்டு, "டிராக் சர்க்யூட்டில் பழுது கண்டறியப்பட்ட 2 விநாடிக்குள் கட்டுப்பாட்டு மையத் திரை அந்தப் பழுதின் எச்சரிக்கையைக் காட்ட வேண்டும்" என்று எழுதினால் கடிகாரத்தை வைத்துச் சரிபார்த்துவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். இந்த வழிகாட்டியை எங்கள் அலுவலகத்தில் சிறியவர்களுக்கு வகுப்பாகவே எடுக்கிறேன். எந்த விதி ஏன் வந்தது என்று கேட்டால் என்னால் சொல்ல முடிகிறது. காரணம், அதை எழுதியவர்கள் குழுக் கூட்டத்தில் வாதாடுவதை நேரில் கேட்டிருக்கிறேன். அந்த வாய்ப்பை எந்தப் பயிற்சி நிறுவனமும் விற்காது.

கூட்ட நேரமும் நமக்குத் தோதுதான். ஐரோப்பாவின் பெரும்பகுதிக்கும் நமக்கும் அதிகம் போனால் ஒரு மணி நேர வித்தியாசம், பிரிட்டன் பக்கம் குளிர்காலத்தில் இரண்டு மணி. கலிஃபோர்னியாவில் காலை எட்டு மணி என்றால் இங்கே மாலை ஐந்து அல்லது ஆறு. இந்தியாவிலிருந்து சேரும் நண்பர்கள் பாவம், ராத்திரி சாப்பாட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இன்னொரு பயனையும் சொல்ல வேண்டும். 1997ல் சங்கத்தின் தலைவராக இருந்த எரிக் ஹானர் என்பவர், சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங்குக்குச் செலவழிக்கிற காசு திரும்பி வருகிறதா என்று பல திட்டங்களின் கணக்கை எடுத்து ஆராய்ந்து, 2013ல் ஆஸ்திரேலியாவில் முனைவர் பட்டம் வாங்கினார். நடுத்தரமான ஒரு திட்டத்தில் மொத்தச் செலவில் 14 சதவீதம் அளவுக்கு இந்த வேலைக்கு ஒதுக்கினால்தான் பலன் உச்சத்தில் இருக்கும் என்பது அவருடைய முடிவு. நான் பார்த்த திட்டங்களில் அதில் பாதி ஒதுக்கினாலே பெரிய விஷயம். "பேப்பர் வேலைக்கு எதுக்கும்மா இவ்வளவு ஆட்கள்?" என்று கேட்கும் மேலாளரிடம் இந்த எண்ணை எடுத்து வைப்பேன். உடனே ஒத்துக்கொள்வார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பேச்சு கொஞ்சம் மரியாதையாக மாறும்.

இப்போது எல்லாரும் கேட்கிற சான்றிதழ் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று படி இருக்கிறது. ஏசெப் தொடக்க நிலை. தேர்வு எழுதினால் போதும், அனுபவம் கேட்க மாட்டார்கள், ஐந்து வருஷத்துக்குச் செல்லும். சிசெப்புக்குத் தேர்வோடு குறைந்தது ஐந்து வருஷ அனுபவமும், அதை உறுதிசெய்ய மூன்று பேரும் வேண்டும். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதற்குள் 120 தொழில் வளர்ச்சிப் புள்ளிகள் சேர்த்திருக்க வேண்டும். ஈசெப் பெரியவர்களுக்கானது, தேர்வு இல்லை, நீண்ட கால அனுபவத்தை வைத்து நேர்காணல் நடத்துவார்கள்.

தேர்வு இரண்டு மணி நேரம், முழுக்கக் கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகை. கையேட்டை விட்டு வெளியே போகாது. அதுதான் அதன் பலம், அதுவேதான் பலவீனமும். எந்தச் செயல்முறையின் வெளியீடு எதற்கு உள்ளீடாகப் போகிறது என்று மனப்பாடம் செய்கிறவன் பாஸாகிவிடுவான். மனப்பாடத்தில் நம்மை அடிக்க ஆள் உண்டா? ஆனால் பத்து வருஷம் வேலை பார்த்தவர் சொந்த அனுபவத்தை நம்பி உட்கார்ந்தால் தடுமாறுவார். நான் சிசெப் வைத்திருக்கிறேன். தேர்வை விட, ஐந்து வருஷ அனுபவத்தைத் துறை வாரியாகப் பிரித்து எழுதுவதுதான் உபயோகமாக இருந்தது. எதில் கை தேர்ந்திருக்கிறது, எதைத் தொட்டதே இல்லை என்று அப்போது பளிச்சென்று தெரிந்துவிடும்.

இந்தத் தேர்வை வைத்துப் பிழைக்கிற பயிற்சி நிறுவனங்களைப் பற்றி எச்சரிக்கை. நான் காசு கட்டிச் சேர்ந்த ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம், பழைய பதிப்பின் ஸ்லைடுகளையே வைத்து வகுப்பு நடத்தியது. கேட்டால் "அடிப்படை ஒன்றுதானே மேடம்" என்றார்கள். அடிப்படை ஒன்றுதான், தேர்வு ஒன்றில்லையே! பணத்தில் ஒரு பகுதியைத் திரும்ப வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கையேட்டை எடுத்து இரண்டு நண்பர்களோடு உட்கார்ந்து படித்தாலே போதும். எந்தப் பதிப்பை வைத்துத் தேர்வு நடக்கிறது என்று மட்டும் விண்ணப்பிக்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. இங்கே இக்சா என்ற பொறியியல் கவுன்சிலில் பதிவு செய்வதற்கு இந்தச் சான்றிதழ் மாற்று ஆகாது. அது 2000ஆம் ஆண்டின் 46ஆம் எண் சட்டப்படி அமைந்தது. பொறுப்பெடுத்துக் கையெழுத்துப் போட அந்தப் பதிவுதான் வேண்டும். கையில் ஒன்றுக்குத்தான் காசும் நேரமும் இருக்கிறது என்றால் முதலில் இக்சாவை முடியுங்கள். ஊரிலிருந்து பட்டம் வாங்கி வந்த பிள்ளைகளுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்.

தலைமைக்கு வருவோம். சேருகிறவர்கள் இதைப் பார்ப்பதில்லை, பார்க்க வேண்டும். சந்தா கட்டுகிற உறுப்பினர்களுக்கு ஓட்டு உண்டு. தலைவராக வருகிறவர் முதலில் இரண்டு வருஷம் அடுத்த தலைவர் என்ற பொறுப்பில் இருந்து வேலை பழகுவார், அப்புறம் இரண்டு வருஷம் தலைவர். உலகத்தை அமெரிக்கக் கண்டங்கள், ஆசியா-ஓசியானியா, ஐரோப்பா-மத்தியக் கிழக்கு-ஆப்பிரிக்கா என்று மூன்று மண்டலமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் இயக்குநர். சம்பளத்துக்கு இருக்கும் ஆட்கள் கொஞ்சம்தான். மற்ற எல்லாரும் சொந்த வேலையைப் பார்த்துக்கொண்டே இதையும் பார்க்கிற தொண்டர்கள். டர்பனில் நம் கோயில் கமிட்டிகள் நடக்கிற விதமேதான். காவடிக்கு நாற்காலி அடுக்கியவர், அன்னதானக் கணக்கைப் பார்த்தவர், நாலு வருஷம் கழித்து மேடையில் மாலையோடு நிற்பார். இங்கேயும் பணிக்குழுவில் குறிப்பு எழுதினவர்தான் பிறகு குழுத் தலைவர், அப்புறம் இயக்குநர். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே முகங்கள் சுற்றிச் சுற்றி வருகிற மாதிரி இருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால், வேலை செய்ய வந்தவர்களே அத்தனை பேர்தான் என்று தெரியும்.

அமெரிக்கர்கள் கையிலேயே இருந்த தலைமை மெல்ல விரிந்திருக்கிறது. 2016-17ல் பிரிட்டனின் ஆலன் ஹார்டிங், 2020-21ல் ஆஸ்திரேலியாவின் கெர்ரி லன்னி, நடுவில் 2022-23ல் அமெரிக்காவின் மேரிலீ வீட்டன், 2024-25ல் ஜெர்மனியின் ரால்ஃப் ஹார்ட்மன். பெண்கள் தலைமைக்கு வருவது இந்தச் சங்கத்தில் அதிசயமில்லை என்பது எனக்குப் பிடித்த விஷயம். பெண் தலைவர்களை வளர்ப்பதற்கென்றே 2015ல் தொடங்கிய ஒரு குழுவும் இருக்கிறது. நான் போகிற தொழில் கூட்டங்கள் பலவற்றில் டீ எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்பார்கள்; இந்தக் குழுவின் கூட்டங்களில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஆப்பிரிக்காவிலிருந்து ஒருவர் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

வளர்ச்சியைப் பொறுத்தவரை, எண்ணிக்கை 20,000 உறுப்பினர்களைத் தாண்டியிருக்கிறது, கிளைகள் எழுபதுக்கு மேல். தொழில் சங்கங்கள் பல ஆள் குறைந்து தவிக்கிற காலத்தில் இது பெரிய விஷயம். எப்படி வளர்ந்தது என்று பார்த்தால், எனக்குத் தெரிந்து மூன்று வழி. சான்றிதழ் 2004ல் வந்தது ஒரு வழி. பெரிய நிறுவனங்களை ஆலோசனைக் குழுவாகச் சேர்த்துக்கொண்டு அவற்றின் ஊழியர்களைக் கூட்டத்தோடு உள்ளே இழுத்தது இன்னொன்று. மூன்றாவதுதான் எனக்கு மரியாதை வர வைப்பது: வரைபடங்களால் சிஸ்டத்தை விவரிக்கும் முறையை வளர்த்தது. மென்பொருள்காரர்கள் வரைபடம் போடப் பயன்படுத்தும் யூஎம்எல் மொழியை நம் துறைக்கேற்ப மாற்ற வேண்டும் என்று 2001லேயே முடிவெடுத்து, யூஎம்எல்லைப் பராமரிக்கும் ஓஎம்ஜி அமைப்போடு சேர்ந்து சிஸ்எம்எல் மொழிக்கு வழி போட்டார்கள். இன்று வேலை விளம்பரங்களில் அந்தப் பெயர் இல்லாத இடமில்லை. பக்கம் பக்கமாக ஆவணம் எழுதுகிற காலம் போய் மாடலாக வரைகிற காலம் வந்தபோது, அதைப் பேச ஒரு சங்கம் தயாராக இருந்தது.

கவலையும் உண்டு. பெரிய நிறுவனங்கள் வழியாக வளரும்போது பேச்சும் பெரிய நிறுவனங்களின் பேச்சாகிவிடுகிறது. 2022 தொடக்கத்தில் வெளியிட்ட 2035ஆம் ஆண்டுக்கான தொலைநோக்கு அறிக்கையில் தண்ணீர், உணவு, சுகாதாரம், நகரங்கள் எல்லாம் அழகாக இருக்கின்றன. ஆனால் மாநாட்டுக் கட்டுரைகளைப் புரட்டினால் விமானமும் விண்வெளியும் பாதுகாப்பும்தான் கனமாக நிற்கும். ஒரு நகராட்சியின் தண்ணீர்க் குழாய்களை எப்படி முழு அமைப்பாகப் பார்ப்பது என்று இங்கே தினமும் அடித்துக்கொள்கிறோம். அது மாதிரி வேலை செய்கிற பத்துப் பேர் கொண்ட சிறு நிறுவனம் இந்தச் சங்கத்தின் கண்ணில் பட இன்னும் நாளாகும் போலிருக்கிறது.

மாநாடு பற்றி எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று. 2020 ஜூலையில் சர்வதேச மாநாடு கேப் டவுனில் நடக்க இருந்தது. இங்கே எத்தனை பேர் அதற்காக உழைத்தார்கள்! கோவிட் வந்து முழுவதும் இணையத்துக்குப் போய்விட்டது. அதற்கடுத்த வருஷமும் இணையத்தில்தான். அப்புறம் டெட்ராய்ட், ஹொனலூலு, டப்ளின், ஒட்டாவா என்று போனது. கேப் டவுன் பக்கம் திரும்பவில்லை. எங்கள் மண்டலத்தின் மாநாடு 2014ல் கேப் டவுனில் நடந்திருக்கிறது, அது வேறு. சர்வதேச மாநாடு வேறு. ராண்டு சம்பளத்தில் இருக்கிற ஒருவர் டப்ளினுக்கு டிக்கெட், விசா, ஓட்டல், நுழைவுக் கட்டணம் எல்லாம் போட்டால் மூன்று மாத வீட்டுச் செலவு காலி. நிறுவனம் அனுப்பினால் உண்டு. எனக்கு முன்பு வேலை கொடுத்திருந்த ஒரு நிறுவனம் கட்டுரை ஏற்கப்பட்ட பிறகும் "பட்ஜெட் இல்லை" என்று கையை விரித்துவிட்டது.

சந்தாவும் டாலர் விலையில்தான் ஓடுகிறது என்பது இங்கிருப்பவர்களுக்கு நிரந்தரத் தலைவலி. அவர்கள் ஒரு சென்ட் கூட்டாவிட்டாலும் ராண்டு சரிந்தால் நமக்கு ஏறிவிடும். ஒரு டாலருக்கு ஏழு ராண்டு இருந்த காலத்தை இங்கே பழைய உறுப்பினர்கள் ஏக்கத்தோடு பேசுவார்கள். மாணவர்களுக்குச் சந்தா நன்றாகக் குறையும். முதுகலை படிக்கிற பிள்ளைகள் அந்தச் சலுகை இருக்கும்போதே சேர்ந்து, கையேட்டை வாங்கி, தேர்வையும் முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

உள்ளூர்க் கிளைக்கு என் மதிப்பெண் தாராளம். தென்னாப்பிரிக்கக் கிளையின் ஆண்டு மாநாடும் மாலை நேர உரைகளும் எனக்குச் சர்வதேச மாநாட்டை விடப் பிரயோசனப்பட்டிருக்கின்றன. தன் திட்டம் எங்கே சொதப்பியது என்று மேடையில் நின்று வெளிப்படையாகப் பேசுகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். தொலைநோக்கித் திட்டத்தில் தேவைகளை எப்படிப் படிப்படியாக ஒவ்வொரு ஆன்டெனாவின் பாகம் வரைக்கும் இறக்கினார்கள் என்று ஒருவர் விளக்கியதைக் கேட்டுவிட்டுத்தான் எங்கள் சிக்னல் திட்டத்தின் அட்டவணையையே மாற்றி அடுக்கினேன். உரை முடிந்ததும் நின்றுகொண்டு பேசுகிற அரை மணி நேரம் அதை விட முக்கியம். எனக்கு இப்போதைய வேலை கிடைத்ததே அப்படி ஒரு பேச்சில்தான். நம் ஆட்கள் உரை முடிந்ததும் ட்ராஃபிக்குக்குப் பயந்து காருக்கு ஓடிவிடுகிறார்கள். இருந்து பேசிவிட்டுப் போங்கள் ஐயா.

குறை என்றால், கூட்டங்கள் பெரும்பாலும் பிரிட்டோரியா, சென்ட்யூரியன், கேப் டவுன் பக்கமே சுழல்கின்றன. டர்பனில் துறைமுகம் இருக்கிறது, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் 2022 வரை ஓடின, கார்த் தொழிற்சாலை இருக்கிறது, நம் தமிழ்ப் பொறியாளர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இந்தச் சங்கத்தின் பெயரையே கேட்டதில்லை என்கிறார்கள். சாட்ஸ்வொர்த்தில் பிறந்து சர்க்கரை ஆலைகளில் முப்பது வருஷம் ஓட்டிய அண்ணா ஒருவரிடம் எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தங்கச்சி, நீ சொல்ற இதைத்தானே நான் இத்தனை வருஷமா பேர் தெரியாம செஞ்சுக்கிட்டிருக்கேன், இதுக்கு டாலர் வேற கட்டணுமா?" என்றார். அவருக்கு நான் சந்தாவைச் சிபாரிசு செய்யவில்லை. ஒரு மாலை வந்து ஆலை நிறுத்தத்தை எப்படித் திட்டமிடுவார் என்று பேசச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், சரி என்றிருக்கிறார்.

அதற்கு டர்பனில் ஐம்பது பேர் உட்காரும்படி ஓர் இடம் வேண்டும். புரொஜெக்டரும், மின்வெட்டு வந்தால் தாங்கும் ஜெனரேட்டரும் இருந்தால் நல்லது. கல்லூரியிலோ கோயில் மண்டபத்திலோ ஏற்பாடு செய்து தர முடிந்தவர்கள் சொல்லுங்கள். அந்தக் கூட்டத்துக்கு வர உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை.